நீதிபதிக்கு ஓட்டு!

திருவள்ளூர் கோர்ட்டுக்கு யார் நீதிபதி என்று நம்மிடம் ஓட்டா கேட்கிறார்கள்? அமெரிக்காவில், டெக்சாஸில் கேட்கிறார்கள், கட்சிப் பெயரோடு!

இங்கேயும் ஒருவர் நீதிபதி நாற்காலியிலிருந்து எழுந்து நேராகத் தேர்தலுக்குப் போனார். கோகா சுப்பாராவ். சென்னையில் சட்டம் படித்து, 1948-ல் மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதியாகி, 1966-ல் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி ஆனவர்.

1967 பிப்ரவரி 27, கோலக்நாத் வழக்கு. அடிப்படை உரிமைகளில் பார்லிமென்ட் கைவைக்கக் கூடாது என்று ஆறுக்கு ஐந்து கணக்கில் தீர்ப்பு. அரசாங்கத்துக்குப் பலத்த அடி! ஆறே வாரம். ஏப்ரல் 11-ல் ராஜினாமா. எதிர்க்கட்சிகளின் ஜனாதிபதி வேட்பாளர்!

ஜாகிர் உசேனுக்கு ஓட்டு மதிப்பு 4,71,244. இவருக்கு 3,63,971. தோற்றதை விடுங்கள். தீர்ப்பின் மை காயுமுன் வேட்பாளரா? ஓய்வுபெற மூன்றே மாதம்தான் பாக்கி, பொறுத்திருக்கலாமே என்று தோன்றும். பொறுத்திருந்தால்? மே 6-லேயே தேர்தல் முடிந்துவிட்டதே சார்!