பள்ளிக்கூடம் மூடினால் சாப்பாட்டுக்கு எங்கே போவது? கொரோனா காலத்தில் தென்காசியில் நடந்தது இதுதான்!

2020 மார்ச்சில் பள்ளிகளுக்கு லீவு விட்டதும் பிள்ளைகளுக்கு முதலில் சந்தோஷம்தான். பரீட்சை இல்லையே! ஆனால் தென்காசி, குற்றாலம் பக்கம் கூலி வீடுகளில் வேறு கவலை. மதியம் பள்ளியில் கிடைத்த சூடான சத்துணவும் அதோடு நின்றுபோனது. அதற்குப் பதிலாக அரசு பிறகு அரிசி, பருப்பு கொடுத்தது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. கிட்டத்தட்ட 19 மாசம்!

தென்காசிக்கு ஏன் அடி பலம்?

இந்த மாவட்டமே 2019 நவம்பர் 22ல்தான் திருநெல்வேலியில் இருந்து பிரிந்தது. நாலு மாசத்தில் ஊரடங்கு. இங்கே பல குடும்பங்களுக்கு வயல் கூலி, பீடி, குற்றால சீசன் என மூன்றில் ஒன்றுதான் வருமானம். கடையில் இருந்து இலையும் தூளும் வந்தால்தான் பெண்கள் பீடி சுற்ற முடியும். அது நின்றால் வாரக் கூலியும் நின்றுவிடும். 2020, 2021 இரண்டு வருஷமும் சாரல் சீசனில் அருவியில் குளிக்கத் தடை. ஆயில் மசாஜ் செய்பவர், பழக்கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லோரும் அந்த மூன்று மாசத்தை நம்பித்தான் வருஷத்தை ஓட்டுபவர்கள்.

கோவிந்தப்பேரியில் என்ன நடந்தது?

ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019லேயே தென்காசி பக்கம் குடிவந்துவிட்டார். ஊரடங்கில் சும்மா இருந்த கிராமத்துப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பெரும்பாலும் விவசாயக் கூலிகளின் பிள்ளைகள். ஆறு மாசத்தில் 4 ஆசிரியர்கள், 52 மாணவர்கள் என்று வளர்ந்தது. இரண்டு வேளைச் சாப்பாடு, சாயங்காலம் தின்பண்டம், எல்லாமே இலவசம். பசியோடு உட்கார்ந்தால் பாடம் எங்கே ஏறும்? அதுதான் பிறகு கலைவாணி கல்வி மையம் ஆனது.

ஆய்க்குடியின் கதை வேறு

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975ல் கடற்படைத் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981ல் தொடங்கியது. தனக்குச் சிகிச்சை தந்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரில் இருந்துதான் அந்த 'அமர்'. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான பள்ளி, பயிற்சி, சிகிச்சை எல்லாம் அங்கே உண்டு.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு இந்த 19 மாசம் என்பது பாடம் போன கணக்கு இல்லைங்க. கைகாலை நீட்டி மடக்கும் பயிற்சி தொடர்ந்து நடக்க வேண்டும். விட்டால் தசை இறுகும், மூட்டு அப்படியே மடங்கி நின்றுவிடும். பிறகு பள்ளி திறந்தாலும் அதை நிமிர்த்துவது லேசில்லை.

அதனால் சங்கத்தின் தெரபிஸ்டுகள் போன், வீடியோ கால் வழியாகப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். அந்தப் பக்கம் பிள்ளையின் காலைப் பிடித்தது அம்மா. சங்கப் பணியாளர்கள் கொரோனாவுக்கு முன்பே வீடு வீடாகப் போய், ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் ஒரு செயலியில் பதிவு செய்து வந்தவர்கள். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை, என்ன பயிற்சி என்பது கையில் இருந்தது. என்னைக் கேட்டால், பணத்தைவிட அந்தப் பட்டியல்தான் பெரிய பலம். நோய் வந்த பிறகு கணக்கெடுக்க உட்கார்ந்தால் பாதி நாள் அதிலேயே போயிடும்.

எல்லோருக்கும் கிடைத்ததா?

இல்லை. 2011 கணக்குப்படி இப்போதைய தென்காசி மாவட்டத்தின் மக்கள்தொகை 14 லட்சம். 52 பிள்ளைகள் என்பது 52தான். வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் வீடியோ கால் ஏது? நன்கொடையை நம்பும் அமைப்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரே கஷ்டப்படும் நேரத்தில்தான் உதவி கேட்பவர்கள் கூடுவார்கள், கொடுப்பவர்கள் குறைவார்கள்.

விட்ட பாடத்தைப் பிடிக்க, தன்னார்வலர்களை வைத்து 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை அரசு தொடங்கியது 2021 அக்டோபர் கடைசியில். அதற்குள் இரண்டாவது கல்வியாண்டும் பாதி நெருங்கிவிட்டது. 2020ல் ஒன்றாம் வகுப்பில் பேர் எழுதிய பிள்ளை, அரசுப் பள்ளி வகுப்பறைக்குள் முதல் தடவை உட்கார்ந்தது இரண்டாம் வகுப்பில்தான்.