குரோமோசோம் எண்ணும் தாவர வகைப்பாடும்: ஜானகி அம்மாளின் ஆய்வுப் பணி

தாவரங்களை எதனைக் கொண்டு இனம் பிரிப்பது என்னும் வினா தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. கண்ணுக்குப் புலப்படும் தோற்றத்தோடு அமையாது உள்ளமைப்பையும் நோக்கிய பகுப்பு இது. இன்று ‘மரபியல்’ என்னும் அதே சொல், உயிர்களின் பண்புகள் வழிவழியாக வருதலை ஆராயும் அறிவியல் துறைக்கும் பெயராக வழங்குகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் உள்ளமைப்பைக் கொண்டு இனம் காணுதல் என்னும் நோக்கு, எ.க. ஜானகி அம்மாளின் (1897–1984) ஆய்வுப் பணியை அணுகுதற்கு ஏற்ற வாயிலாக அமைகிறது.

கல்வியும் கற்பித்தலும்

அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் பகுதியிலுள்ள தலச்சேரியில் பிறந்த அவர், சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்ச் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றினார். பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்ற அவர், 1931-இல் அங்கு முனைவர் பட்டம் பெற்றார். இந்தியப் பெண்கள் அறிவியலில் உயர்பட்டம் பெறுதல் மிக அரிதாக இருந்த காலம் அது. 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக விளங்கினார்.

கரும்பும் நாணலும்

1912-இல் தோன்றிய கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வு நிலையத்தில் அவர் 1934-இல் இணைந்தார். இனிப்பு மிக்க தடித்த கரும்பையும் வன்மை மிக்க காட்டு நாணலையும் கலந்து, வட இந்திய நிலத்திற்கு ஏற்ற வகைகளை அந்நிலையம் முன்னரே உருவாக்கியிருந்தது. அக்கலப்பில் உயிரணுவினுள் நிகழ்வது யாது என்பதே ஜானகி அம்மாளின் வினா. நாணலின் குரோமோசோம் எண் இடத்திற்கு இடம் வேறுபடும். புறத்தே ஒரே பெயர் பெற்ற செடி, அகத்தே பல நிலைகளைக் கொண்டுள்ளது என்பது இதனால் விளங்கும். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த ஆய்வு பற்றிய அவரது குறிப்பு 1938-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. வேறு வேறு பேரினங்கள் எனப் பிரிக்கப்பட்ட புற்களிடையேயும் உறவு உண்டோ என்னும் சிந்தனைக்கு இத்தகைய கலப்புகள் இடமளித்தன.

இங்கிலாந்தில் ஆய்வு

1939-இல் எடின்பரோவில் நடைபெற்ற பன்னாட்டு மரபியல் மாநாட்டை அடுத்து உலகப்போர் மூண்டது. அதன்பின் ஜானகி அம்மாள் இங்கிலாந்திலேயே தங்கி, ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் பணியாற்றினார். சி.டி. டார்லிங்டனுடன் இணைந்து அவர் எழுதிய ‘பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் விளக்கநூல்’ 1945-இல் வெளிவந்தது. தனித்தனிக் கட்டுரைகளில் சிதறிக் கிடந்த எண்களை ஒருங்கே தொகுத்த இந்நூல், மரபியல் பயில்வோர்க்கும் வகைப்பாட்டாளர்க்கும் பொதுவான கருவியாயிற்று. பின்னர் விஸ்லியிலுள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில், கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு செடிகளின் குரோமோசோம் எண்ணைப் பெருக்கும் ஆய்வில் ஈடுபட்டார். மக்னோலியா இனங்களில் 38 குரோமோசோம் உடையனவும் 114 உடையனவும் உள்ளன. இவ்வேறுபாட்டைக் கொண்டு அக்குடும்பத்தின் பரவல் வரலாற்றை அவர் ஆராய்ந்தார். அங்கு வளர்ந்த மக்னோலியா வகை ஒன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

தாவர அளவீட்டு நிறுவனம்

நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் நாடு திரும்பிய அவரிடம், 1890-இல் தோன்றி நலிவுற்றிருந்த இந்தியத் தாவரவியல் அளவீட்டு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இங்குதான் வகைப்பாடு அறிவுரிமைச் சிக்கலாகவும் உருவெடுத்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இந்தியச் செடிகள் பலவற்றின் மூல மாதிரிகள் பிரித்தானியக் காப்பகங்களைச் சென்றடைந்திருந்தன. தன் மண்ணில் விளையும் செடியின் பெயரை உறுதிசெய்யவே இந்திய ஆய்வாளர் கடல் கடக்க நேர்ந்தது. இந்தியத் தாவரங்களை இந்திய அறிஞர்களே, அவை வளரும் இடத்திலேயே ஆராய வேண்டும் என்பது ஜானகி அம்மாளின் உறுதியான நிலைப்பாடு. சீரமைப்பின் பயனாகக் கோயம்புத்தூர், பூனா, ஷில்லாங், டேராடூன் ஆகிய இடங்களில் வட்டார அலுவலகங்கள் அமைந்தன.

1955-இல் பிரின்ஸ்டனில் நடைபெற்ற, நிலவுலகின் மேல் மனிதன் விளைத்த மாற்றங்கள் பற்றிய கருத்தரங்கில் இந்தியாவின் பிழைப்பாதாரப் பொருளியல் குறித்து அவர் உரையாற்றினார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையிலும் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் களத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். அணைத் திட்டத்தால் அழிவை எதிர்நோக்கிய அமைதிப் பள்ளத்தாக்கின் மரங்களைக் குரோமோசோம் நோக்கில் ஆராயவும் முனைந்தார். 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

முடிவுரை

குரோமோசோம் எண் ஒன்றே இனத்தை உறுதிசெய்யாது; ஒரே எண்ணுடைய செடிகள் வேறு வேறு குடும்பத்தினவாகவும் இருக்கலாம். எனவே தோற்றம், எண், வாழிடம் ஆகிய மூன்றையும் இணைத்துக் காண்பதே ஜானகி அம்மாளின் பணி உணர்த்தும் நெறியாகும். ஆய்வுக்கூடத்தில் எண்ணப்படும் செடி காட்டில் நிலைத்து நின்றாலன்றி வகைப்பாடு வெறும் பெயர்ப் பட்டியலாகவே எஞ்சும். கரும்பு வயலில் தொடங்கி மழைக்காட்டில் நிறைவுற்ற அவரது ஆய்வுப் பயணம் இவ்வுண்மைக்குச் சான்றாகத் திகழ்கிறது.