முதுமலையின் மேற்கும் கிழக்கும்

1990-களில் வெளியான ஓர் ஆய்வுப் பட்டியல் முதுமலையில் 266 பறவையினங்களைக் கணக்கிட்டது. ஒரு காட்டின் கணக்காகத் தெரியும் இது, உண்மையில் இரண்டு காடுகளின் கூட்டுத்தொகை. தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கமிருந்து கிழக்கே போகப் போக மெலிந்துவிடுகிறது. மேற்கே ஆண்டுக்குச் சுமார் 2,000 மி.மீ. வரை பெய்யும் மழை, மசினகுடி தாண்டி மாயாற்றுப் பக்கம் போனால் 1,000-க்கும் கீழே இறங்கிவிடும். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் தேக்கும் மூங்கிலும் முடிந்து வேலமும் இலந்தையும் வந்துவிடுகின்றன.

மேற்குக் காட்டில் பறவைகள் இடத்தை உயரத்தால் பங்கிட்டுக்கொள்கின்றன. கார்குடிப் பக்கம் காலையில் வெகுநேரம் எதுவுமே கேட்காது. திடீரென்று பல இனப் பறவைகள் சேர்ந்த ஒரு வேட்டைக் கூட்டம் வந்து சேரும். உச்சிக் கிளைகளில் மின்சிட்டுகள் இலையிலையாய்த் துழாவும். அடிமரத்தில் மரங்கொத்தி பட்டையை உரிக்கும். அவை கிளப்பிவிடும் பூச்சிகளைத் துடுப்புவால் கரிச்சான் பறந்து கவ்வும். வல்லூறைக் கண்டால் முதலில் குரல் கொடுப்பதும் பெரும்பாலும் கரிச்சான்தான். கூட்டம் அந்தக் காவலை நம்பி மேய்கிறது. மூங்கில் நிழலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் தீக்காக்கைக்கு உளுத்துப்போன அடிமரம் வேண்டும். அதைக் குடைந்துதான் முட்டையிடும். மலபார் சாம்பல் இருவாச்சிக்குப் பொந்துள்ள முதுமரமும், பழத்துக்கு அத்தியும் ஆலும் வேண்டும். பட்ட மரத்தை வெட்டி அகற்றினால் இங்கே பல இனங்களுக்கு வீடே இல்லை.

கிழக்கே மரங்களின் உயரம் குறைவு. வாழ்க்கை தரையிலும் முள்ளிலும் நடக்கிறது. கவுதாரி புதருக்குப் புதர் ஓடும். வானம்பாடி புல்வெளியிலிருந்து எழும்பிப் பாடி இறங்கும். பனங்காடை பட்ட கொம்பில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். கீச்சானுக்கு வேலமுள் ஒரே நேரத்தில் கூட்டுக்கு வேலியாகவும், பிடித்த பூச்சியைக் குத்திவைக்கும் இடமாகவும் பயன்படுகிறது. சுற்றுலா வருகிறவர்கள் இந்தப் பகுதியை 'வெறும் முள்ளுக்காடு' என்று சொல்லிக் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது. இங்கே திறந்தவெளியே வாழிடம். மரம் இல்லாத இடமெல்லாம் பாழிடம் என்று நினைத்து நட்டு நிரப்பினால், இந்தப் பறவைகள்தாம் இடத்தை இழக்கும்.

இரண்டுக்கும் நடுவே தெளிவான கோடு ஏதும் இல்லை. கோடையில் இலையுதிர்ந்த காட்டில் முள்ளிலவும் புரசும் பூக்கும்போது மைனா, கிளி, கரிச்சான், கொண்டைக்குருவி எல்லாம் தேனுக்காக அந்த மரங்களில் வந்து மொய்க்கின்றன. மாயாற்றங்கரையில் நீர்மருதும் புங்கமும் நாவலும் பச்சை நாடாபோல் ஓடுகின்றன. நிழலையும் ஈரத்தையும் விரும்பும் பறவைகள் வறண்ட கிழக்குக்குள் நுழைவது அந்தக் கரையோரமாகத்தான்.

அந்த நீர்மருதுதான் கிழக்கின் பெரும்பேறு. பிணந்தின்னிக் கழுகுகளான வெண்முதுகுப் பாறுகள் சீகூர், மாயாறு பகுதியில் பெரும்பாலும் அதன் உச்சியில்தான் கூடு கட்டுகின்றன. ஆண்டுக்கு ஒரே முட்டை. பெற்றோர் இரண்டுமே மாறி மாறி அடைகாத்து, மாதக்கணக்கில் குஞ்சை வளர்க்கின்றன. கருங்கழுத்துப் பாறு பள்ளத்தாக்கின் பாறை விளிம்புகளை நாடுகிறது. செந்தலைப் பாறும் இங்கே எஞ்சியிருக்கிறது. பாறு மோப்பத்தால் இரை தேடுவதில்லை. உயரத்தில் வட்டமிட்டுக் கண்ணால் தேடுகிறது. அடர்ந்த மேற்கில் செத்துக்கிடக்கும் மாட்டை இலைக்கூரை மறைத்துவிடும். கிழக்கின் திறந்த நிலத்தில் அது கண்ணில் படும். வயிறு நிறைந்து கனத்த உடம்போடு ஓடி எழும்பவும் அங்கேதான் இடமிருக்கிறது. மேற்கு எத்தனை செழித்தாலும் இந்தப் பறவைக்கு அது உதவாது.

இனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எந்தப் பகுதி முக்கியம் என்று தீர்மானிப்பதை நான் ஏற்காதது இதனால்தான். தென்னிந்தியாவில் பாறுகள் ஓரளவேனும் நிலைத்திருக்கும் மிகச் சில இடங்களில் இந்தக் கிழக்குப் பகுதியும் ஒன்று. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்ததற்கு முதன்மைக் காரணம், மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிமருந்து. அது தங்கிய சடலத்தைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டுச் செத்தது. 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அது தடை செய்யப்பட்டது. பாறுகளுக்கு அதேபோல் தீங்கான கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் இரண்டின் தடைக்கும் 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மேற்கின் தீக்காக்கையை வனத்துறை காட்டுக்குள்ளேயே காப்பாற்றிவிடலாம். மரங்களை வெட்டாமல் விட்டாலே பெரும்பகுதி முடிந்தது. கிழக்கின் பாறு ஒரே நாளில் காட்டின் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய்வரும் பறவை. மசினகுடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மாட்டுக்குக் காய்ச்சல் கண்டால் எந்த ஊசி போடப்படுகிறது, செத்த மாடு எங்கே போடப்படுகிறது என்பதில் அதன் உயிர் இருக்கிறது. பாறுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் அந்த ஊர்களின் மருந்துக்கடைகளில் எப்போதும் கிடைக்க வேண்டும். மற்றதைவிட விலை கூடாமலும் இருக்க வேண்டும்.