டிராகுலா படங்களுக்கு முன்பு பீட்டர் குஷிங்

ஸ்டார் வோர்ஸ் முதல் படத்தைப் (1977) பார்த்தவர்களுக்கு ஆளுநர் டார்கினை நினைவிருக்கும். ஒட்டிய கன்னங்கள், குளிர்ந்த பார்வை. குரலை உயர்த்தாமலே ஒரு கிரகத்தை அழிக்கக் கட்டளையிடுவார். அவர்தான் பிரித்தானிய நடிகர் பீட்டர் குஷிங். டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் படங்களிலும் சிலர் அவரைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவருக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது தொலைக்காட்சி.

1913இல் பிறந்தவர். 1939இல் ஹொலிவூட் போனார், சின்ன வேடங்களே கிடைத்தன. யுத்த காலத்திலேயே திரும்பி வந்துவிட்டார். 1948இல் லோரன்ஸ் ஒலிவியேயின் ஹெம்லட் படத்தில் ஒரு சிறு பாத்திரம். இடையில் வேலை இல்லாத நாட்களில் பெண்கள் தலையில் கட்டும் துணிகளுக்குச் சித்திரம் வரைந்தும் காலம் தள்ளியிருக்கிறார். நாற்பது வயதை நெருங்கும்போதுதான், மனைவி ஹெலன் கொடுத்த தைரியத்தில் பீபீசீ தொலைக்காட்சிப் பக்கம் போனார். அது 1951.

அந்தக் காலத் தொலைக்காட்சி நாடகம் என்றால் நேரடி ஒளிபரப்பு. லண்டன் லைம் குரோவ் கலையகத்தில் நடிப்பதை அதே நிமிடம் மக்கள் வீட்டில் பார்ப்பார்கள். வசனம் மறந்தால் மறந்ததுதான். முன்கூட்டியே எடுத்த படத்துண்டு ஓடும் சில நொடிகளில் உடை மாற்றி அடுத்த செட்டுக்கு ஓட வேண்டும். (இன்று ஒரு நிமிட வீடியோவுக்கு நாம் பத்துத் தடவை எடுக்கிறோம்!) குஷிங்குக்கு இது பெரும் பயத்தைக் கொடுத்தது. ஆனாலும் விடவில்லை. 1952இல் ஜேன் ஒஸ்டினின் நாவலில் வரும் டார்சியாக நடித்தார். அதில் ஒரு காட்சிகூட இன்று இல்லை.

1954 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. ஜோர்ஜ் ஓர்வெலின் '1984' நாவலை நைஜல் நீல் நாடகமாக எழுத, ருடோல்ஃப் கார்ட்டியர் தயாரித்தார். அரசு மனிதனின் எண்ணத்தைக்கூடக் கண்காணிக்கும் உலகில் நசுக்கப்படும் வின்ஸ்டன் ஸ்மித்தாக குஷிங். சித்திரவதைக் காட்சிகளும் எலிகள் வரும் காட்சியும் நாட்டையே உலுக்கின. கண்டனங்கள் குவிந்தன, பாராளுமன்றத்தில் பிரேரணை வந்தது. ஆனால் தானும் மகாராணியும் அதை ரசித்ததாக அதே வாரம் இளவரசர் பிலிப் சொன்னார்.

வியாழக்கிழமை மறு ஒளிபரப்பு. அப்போது மறு ஒளிபரப்பு என்றால் எல்லோரும் வந்து முழு நாடகத்தையும் மீண்டும் நடிப்பது. எதிர்ப்புக்குப் பயந்து பீபீசீ அதை நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. நல்லவேளை! ஏனென்றால் ஞாயிறு நடித்ததை யாரும் பதிவு செய்யவில்லை. வியாழன் நடித்ததைத்தான் திரைக்கு முன் படக்கமரா வைத்துப் பிடித்தார்கள். இன்று நாம் பார்ப்பது அந்த இரண்டாவது நடிப்பு. நாட்டை அதிரவைத்த முதல் நடிப்பு அந்த இரவோடு போய்விட்டது. என்னைக் கேட்டால், டார்கினைவிட இந்த வின்ஸ்டன் பல மடங்கு மேல்.

1955இல் அதே நீல், கார்ட்டியர் இருவரோடும் இமயமலைப் பனிமனிதனைப் பற்றிய 'த கிரியேச்சர்' நாடகத்தில் நடித்தார். அதுவும் பதிவாகவில்லை. 1957இல் அது திரைப்படமானபோது அதே பாத்திரத்தில் அவரே மீண்டும் நடித்ததால் அந்தப் பாத்திரமாவது மிஞ்சியது. அதே வருடம்தான் ஃபிராங்கன்ஸ்டைன் படம் வந்தது. ஹெமர் நிறுவனம் அவரைத் தேடிப் போனதற்குக் காரணமே தொலைக்காட்சியில் அவர் பெற்றிருந்த புகழ்.

ஒளிநாடா வந்த பிறகாவது நிலைமை மாறியதா? 1968இல் பீபீசீக்காக ஷெர்லொக் ஹோம்ஸாக 16 பகுதிகளில் நடித்தார். பதிவு செய்துதான் ஒளிபரப்பினார்கள். இன்று கையில் இருப்பவை 6.