குடிபெயர்ந்தது யார்? கீழ்க்கட்டளையிலிருந்து நாஸ்டாக் வரை ஒரு தொழில்வாழ்வு

கிரீஷ் மாத்ருபூதத்தின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் உடைந்துபோன ஒரு டிவியிலிருந்து தொடங்குவார்கள். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலிருந்து அவர் சென்னைக்குத் திரும்பியபோது, கப்பலில் வந்த வீட்டுச் சாமான்களோடு எல்சிடி டிவியும் வந்தது. பிரித்துப் பார்த்தால் உடைந்திருந்தது. காப்பீட்டுத் தொகைக்காக மாதக்கணக்கில் எழுதிப் பார்த்தார், பலனில்லை. நடந்ததை நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதிப் போட்டதும் பணமும் மன்னிப்பும் தேடி வந்தன. வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருளைப் புதிதாகச் செய்யலாம் என்ற எண்ணத்துக்கு இது ஒரு வித்து. 2010 அக்டோபரில் கீழ்க்கட்டளையில், 700 சதுர அடிக் கிடங்கு ஒன்றில் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கியது. 2021 செப்டம்பர் 22 அன்று, ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறியிருந்த அந்த நிறுவனம் பங்கு 36 டாலர் விலையில் நாஸ்டாக்கில் பட்டியலாகி, நூறு கோடி டாலருக்குச் சற்று மேல் திரட்டியது.

இதைக் குடிபெயர்ந்த தொழில்முனைவர் ஒருவரின் வெற்றிக்கதை என்று வகைப்படுத்துவது வழக்கம். (‘புலம்பெயர்ந்தோர்’ என்ற சொல் தமிழில் ஈழத்து ஏதிலி வாழ்வின் கனத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதை இவர்களுக்குக் கொடுக்க மனம் வராததால் ‘குடிபெயர்வு’ என்றே எழுதுகிறேன்.) அந்த வகைப்பாடு இங்கே பிழை என்பதே என் வாதம். ஆள் திரும்பி வந்துவிட்டார், குடிபெயர்ந்தது நிறுவனம். சட்டத்தின் கண்ணில் நிறுவனமும் ஒரு நபர் என்பதை மறந்துவிட்டு எழுதப்படும் வாழ்க்கை வரலாறுகள் பாதி வரலாறுகளே.

குடிபெயர்ந்த தொழில்முனைவர் என்ற கருத்துருவத்தை வலுவாக நிறுவியவர்களுள் முதன்மையானவர் அன்னாலீ சாக்ஸேனியன். 1980க்கும் 1998க்கும் இடையே சிலிக்கன் பள்ளத்தாக்கில் தொடங்கிய தொழில்நுட்ப நிறுவனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைச் சீன, இந்தியப் பொறியாளர்கள் நடத்தினார்கள் என்று அவரது 1999ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. 2006இல் வந்த நூலில் அவர்களைக் கிரேக்கத் தொன்மத்தின் ஆர்கோநாட்டுகளோடு ஒப்பிட்டார்: கடல் கடந்து போய், கற்று, செல்வத்தோடும் உறவுகளோடும் தாயகம் திரும்புகிறவர்கள். சென்னை லயோலா கல்லூரியில் படித்து, நெட்ஸ்கேப்பில் பணியாற்றி, 1998இல் கூகுளின் தொடக்க முதலீட்டாளர்களுள் ஒருவராகி, பின்னர் ஷெர்பாலோ என்ற முதலீட்டு நிறுவனத்தை நிறுவிய ராம் ஸ்ரீராமின் வாழ்வு இந்தச் சட்டகத்தின் முதல் பாதிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். தொழில் கற்றதும் அங்கே, பணம் போட்டதும் அங்கே, பெருகியதும் அங்கே.

மாத்ருபூதம் கற்ற இடம் எது? திருச்சிக்காரர், தஞ்சையில் பொறியியல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை. அவரது முதல் குடிபெயர்வு திருச்சியிலிருந்து சென்னைக்கு. இதை யாரும் குடிபெயர்வாக எண்ணுவதில்லை. 2001இல் அட்வென்ட்நெட்டில் சேர்ந்தார். பின்னாளில் ஜோஹோ எனப் பெயர் மாறிய அந்நிறுவனம் அப்போது வேளச்சேரியிலிருந்து இயங்கியது. மென்பொருளை ஆள்கணக்கில் கூலிக்கு எழுதிக் கொடுக்காமல் சொந்தப் பொருளாகச் செய்து, வாங்குபவரின் முகம் பார்க்காமலே விற்கும் வித்தையை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கே பழகினார். கூட்டாளி ஷான் கிருஷ்ணசாமியும் அங்கிருந்து வந்தவரே. ஆஸ்டின் அவருக்குக் கொடுத்தது ஓர் எரிச்சல். அந்த எரிச்சலைப் பண்டமாக்கும் கைத்திறன் வேளச்சேரியில் வாய்த்தது. ஃப்ரெஷ்டெஸ்க்கின் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள அட்வெல் கல்லூரி. பல்லாவரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில், வாடகை கட்டுப்படியாகும் ஒரு கிடங்கில் உட்கார்ந்து பெர்த்துக்கு விற்க முடிந்தது என்றால், ஆள் கடல் கடக்க வேண்டிய தேவை அப்போதே போய்விட்டது.

ஆனால் முதலீடு கடல் கடந்து வந்தது. 2011இல் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் பத்து லட்சம் டாலர் போட்டது. அடுத்த ஆண்டு டைகர் குளோபல் வந்தது. இப்படிப்பட்ட பணத்துக்கு அமெரிக்கச் சட்டத்தின் மொழிதான் பழக்கம். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பதிவான தாய் நிறுவனம், அதன் கீழே இந்தியத் துணை நிறுவனம் என்ற ஏற்பாடு பிறப்பது இந்தப் பழக்கத்திலிருந்து. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெருங்குடியில் இருந்தார்கள். தலைமையகம் கலிபோர்னியாவின் சான் மேட்டியோவில் இருந்தது.

தென்சென்னைக்கு இது முற்றிலும் புதிதன்று. தாம்பரம் சானடோரியத்தை ஒட்டி, ஜிஎஸ்டி சாலையில் 1984இல் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தை எண்ணிப் பாருங்கள். 2005ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட தொழில்களைப் பொறுத்தவரை அந்த நிலம் இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கருதப்படும். மின்சார ரயிலில் வந்து இறங்கி, சாலையைக் கடந்து வாயிலுக்குள் நுழையும் தொழிலாளி, சுங்கத்துறையின் கணக்கில் நாட்டைவிட்டு வெளியேறுகிறார். தாம்பரத்தில் நிலத்தை அயலாக்கினார்கள். கீழ்க்கட்டளையில் நிறுவனத்தை அயலாக்கினார்கள். முன்னதை அரசு செய்தது, பின்னதை முதலீட்டின் பழக்கம் செய்தது. இரண்டிலும் ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

இதன் விளைவு 2020 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. வணிக இரகசியங்களைப் பயன்படுத்தியதாக ஜோஹோ ஃப்ரெஷ்வொர்க்ஸ் மீது வழக்குத் தொடர்ந்தது. வழக்கின் நியாயம் என் பொருளன்று. அது 2021இல் சமரசத்தில் முடிந்தது. வழக்கு நடந்த இடம்தான் என் அக்கறை. இரண்டு நிறுவனங்களும் பிறந்து வளர்ந்தது தென்சென்னையில், ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த உறவில். பூசலைத் தீர்க்கப் போனதோ வடக்குக் கலிபோர்னியாவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு. பங்காளிச் சண்டைக்குக் கூட ஊர்ப் பஞ்சாயத்து போதவில்லை.

எதிர்ச்சான்று ஒன்றை இங்கே தவிர்க்க முடியாது. ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐஐடியிலிருந்து பிரின்ஸ்டன் போய் முனைவர் பட்டம் பெற்று, குவால்காமில் பணியாற்றியவர்; சாக்ஸேனியனின் சட்டகத்தில் பொருந்த வேண்டியவர் அவரே. அவர் துணிகர முதலீட்டை வாங்கவில்லை, பங்குச்சந்தைக்குப் போகவில்லை. ஜோஹோவின் பெரிய வளாகம் கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கிறது. அவரோ தென்காசிக்குக் குடிபோனார். ஆகவே நிறுவனம் பெயர்வதை முடிவு செய்வது நிறுவனர் எங்கெங்கே வாழ்ந்தார் என்பதன்று, யாருடைய பணத்தை வாங்கினார் என்பதே. ஆயினும் ஒரு கணக்கை வேம்புவின் ஆதரவாளர்கள் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நாஸ்டாக் பட்டியலின்போது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் தம் பங்குகளால் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று மாத்ருபூதம் அறிவித்தார். பின்னர் பங்கு விலை வெகுவாகச் சரிந்தது உண்மைதான். ஆனாலும் ஊழியரின் பங்கு கைக்காசாக மாற ஒரு சந்தை வேண்டும். அந்தச் சந்தைக்காகத்தான் நிறுவனம் குடிபெயர்கிறது என்று சொன்னால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

மாத்ருபூதம் 2021இல் மானவ் கர்க் உள்ளிட்டோருடன் டுகெதர் ஃபண்ட் என்ற முதலீட்டு நிதியத்தைத் தொடங்கினார். முதல் நிதி 8.5 கோடி டாலர். 2024இல் ஃப்ரெஷ்வொர்க்ஸின் தலைமைச் செயல் அதிகாரிப் பொறுப்பைவிட்டு விலகினார். முதலீடு பெற்றவர் முதலீடு தருபவராவது சிலிக்கன் பள்ளத்தாக்கில் பழைய செய்தி. இங்கே அதைச் சோதிக்க ஒரு கேள்வி உண்டு: பணம் கொடுப்பவர் வேளச்சேரியில் தொழில் பழகியவராக இருக்கும்போது, பணம் வாங்கும் நிறுவனம் எங்கே பதிவாகும்? கொடுப்பவர் யார் என்பதைவிட, விற்று வெளியேறும் வாசல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே பதில் அமையும் என்று எதிர்பார்க்கிறேன். 2024 ஜனவரியில் இந்திய நிறுவனங்கள் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியிலுள்ள பன்னாட்டுச் சந்தைகளில் நேரடியாகப் பட்டியலாக அனுமதி வந்தது. அயலாக்கிய நிலத்தில் ஒரு வாசல். மெப்ஸின் உத்திதான், இம்முறை பங்குகளுக்கு.

ஏற்கெனவே போய்விட்டவை திரும்புவது எளிதன்று. சிங்கப்பூரில் பதிவாகியிருந்த ஃபோன்பே 2022இல் இந்தியாவுக்கு இருப்பிடம் மாற்றியபோது, அதன் முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 8,000 கோடி ரூபாய் வரி கட்ட நேர்ந்தது. வெளிநாட்டில் தங்கி ஊர் திரும்பும் ஆளுக்கோ வீட்டுச் சாமான்கள் மீது சுங்கச் சலுகை உண்டு.