தண்டுவடமும் மின்னோட்டமும்

தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் அசையாமற் போனால், தசைகள் செத்துவிட்டன என்பதா பொருள்? அன்று. மூளையின் கட்டளை வரும் வழிதான் தடைப்பட்டது. இதைத் தெளிய மனிதனுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

இத்தாலிய மருத்துவர் கல்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு 1791இல் நூல் வெளியிட்டார். 1960இல் நியூயார்க்கில் இதய மருத்துவர் கான்ட்ரோவிட்ஸ், கால்கள் செயலிழந்த ஒருவரின் தொடைத் தசைகளில் மின்னோட்டம் செலுத்தி, அவரைச் சில நிமிடம் நிற்கவைத்தார். ஆனால் அவ்வாறு இயக்கப்படும் தசை விரைவிலேயே களைத்துவிடும்.

எனவே ஆய்வாளர் சிலரின் நாட்டம் தண்டுவடத்தின்பால் திரும்பியது. 2009இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், கால்கள் செயலிழந்த இளைஞர் ஒருவரின் தண்டுவட உறைமீது மின்முனைகளைப் பொருத்தினர். பயிற்சி பெற்ற அவர் தம் எடையைத் தாமே தாங்கி நின்றார். உடல் சாயாதிருக்க மட்டும் துணை வேண்டியிருந்தது. சில மாதங்களில், மின்னோட்டம் பாயும்போது, தாம் நினைத்தபடி காலை அசைக்கவும் செய்தார். இச்செய்தி 2011இல் வெளியாயிற்று.

மின்னோட்டம் நின்றதும் அவ்வசைவும் நின்றது. ஆகவே இதை முழுக் குணம் என்று நாம் சொல்வதற்கில்லை. எனினும் "இனி வழியில்லை" என்னும் பழைய தீர்ப்பை, நேயர்களே, இனி நாம் அத்தனை எளிதாகச் சொல்லிவிட முடியாது.