நாரத்தையும் நரன்ஹாவும்

சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலைமீது அமைந்த ஏற்காட்டுக்குச் சென்று திரும்புவோர், காப்பிக் கொட்டையும் ஆரஞ்சுப் பழமும் வாங்காமல் மலையிறங்குவது அரிது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பி பயிரிட வழிகோலினார். அதற்கு வெகுகாலம் முன்பே, ஹஜ்ஜுக்குச் சென்று மீண்ட பாபா புதன் (ரஹ்) அவர்கள் யெமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார்கள் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி.

விதை ஒரு வழியாக வர, பெயர் வேறொரு வழியாக உலகைச் சுற்றி வந்தது. அரபியரின் ‘கஹ்வா’ துருக்கியர் நாவிலும் ஐரோப்பியர் நாவிலும் உருமாறி, நம் இல்லங்களில் ‘காப்பி’ ஆயிற்று. ஸ்பெயின் நாட்டில் அதுவே ‘கஃபே’.

கல்வி, வணிகம் கருதியும், குர்துபாப் பள்ளிவாசலையும் கர்னாத்தாவின் அல்ஹம்ரா மாளிகையையும் காணும் ஆவலாலும் ஸ்பெயினுக்குச் செல்வோர், புறப்படுமுன் ஸ்பானிய மொழியில் பத்து வாக்கியங்களேனும் பழகிக்கொள்வது வழக்கம். காலை வணக்கத்துக்குப் ‘புவேனோஸ் தியாஸ்’. நன்றி கூற ‘கிராஸியாஸ்’. விலை கேட்க ‘குவாந்தோ குவெஸ்தா’. இவை இலத்தீன் வழி வந்தவை, நமக்குப் புதியவை. ஆனால் பசியாற உட்கார்ந்த மாத்திரத்தில் பழகிய முகங்கள் தென்படத் தொடங்கும்.

காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா? ‘அஸூக்கர்’ என்று கேட்க வேண்டும். அரபியின் ‘அஸ்ஸுக்கர்’ அது. அதற்கும் மூலம் நம் நாட்டுச் ‘சர்க்கரா’. எண்ணெய் ‘அஸெய்தே’, அரபியில் ‘அஸ்ஸைத்’. சோறு ‘அர்ரோஸ்’, அரபியில் ‘அர்ருஸ்’. ஆரஞ்சுப் பழமோ ‘நரன்ஹா’. அரபியில் ‘நாரஞ்ச்’, பாரசீகத்தில் ‘நாரங்’, வடமொழியில் ‘நாரங்க’ எனப் பின்னோக்கிச் சென்றால், நாம் ஊறுகாய் போடும் நாரத்தங்காயின் வாசலில் வந்து நிற்போம். அச்சொல்லின் வேர் திராவிட மொழிகளில் உள்ளது என்பது மொழிநூலார் பலர் கருத்து.

விடைபெறும்போது ‘அஸ்தா லுவேகோ’ என்பர். ‘பிறகு காணும் வரை’ என்பது அதன் பொருள். இதில் வரும் ‘அஸ்தா’, குர்ஆன் ஓதுவோர் நன்கறிந்த ‘ஹத்தா’வே. சுங்கச் சாவடிக்கு ‘அதுவானா’ என்று பெயர், அது ‘திவான்’. ஊர்த்தலைவர் ‘அல்கால்தே’, அவர் ஒரு காலத்தில் ‘அல்காழி’. ‘அப்படி நடக்கக் கூடாதா!’ என்று ஏங்கும் ஸ்பானியர் ‘ஒஹலா’ என்கிறார். ‘அல்லாஹ் நாடினால்’ என்னும் அரபுத் தொடரின் தேய்ந்த வடிவம் அது. சொல்பவர் இதனை அறியாமலே நாள்தோறும் சொல்லி வருகிறார்!

711இல் தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்து ஸ்பெயினில் கால்வைத்தது முதல், 1492இல் கர்னாத்தா வீழ்ந்தது வரை ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் அந்நாட்டின் ஏதேனும் ஒரு பகுதியிலாவது முஸ்லிம்கள் ஆண்டனர். தோட்டமும் வாய்க்காலும் சந்தையும் நீதிமன்றமும் அரபியில் பேசின. பின்னர் ஆட்சி போயிற்று. 1567இல் இரண்டாம் பிலிப் மன்னர், மூன்றாண்டுகளுக்குள் அரபியில் பேசுவதும் எழுதுவதும் ஒழிய வேண்டும் என ஆணையிட்டார். 1609 முதல் 1614 வரை, மொரிஸ்கோக்கள் எனப்பட்ட முஸ்லிம் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். மனிதரைக் கப்பலேற்ற முடிந்தது. அடுப்பங்கரையில் குடியேறிவிட்ட சொற்களைக் கப்பலேற்ற எந்த ஆணையாலும் முடியவில்லை.

நம் நெஞ்சைத் தொடும் செய்தி இன்னொன்று உண்டு. அரகோன் பகுதியில் வாழ்ந்த முஸ்லிம்களுள் பெரும்பாலோர் அரபியை மறந்து, ஸ்பானிய மொழிகளையே பேசினர். எனினும் தம் மார்க்க நூல்களையும், யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றுக் காவியத்தையும் அவர்கள் எழுதியது எவ்வாறு? மொழி ஸ்பானியம், எழுத்து அரபி! ‘அல்ஹமியாதோ’ என்பது அதன் பெயர். ‘அஜமிய்யா’ என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. நம் அரபுத்தமிழுக்கு ஓர் உடன்பிறப்பு மேற்றிசையில் இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் இங்கே எந்த நோக்கத்துடன் எழுதினார்களோ, அதே நோக்கத்துடன் அங்கே பெயர் தெரியாத பலர், அச்சத்தின் நடுவே, எழுதிக் குவித்தனர்.

1884இல் அல்மோனசித் தெ லா ஸியெரா என்னும் சிற்றூரில் பழைய வீடொன்றை இடித்தபோது, போலித் தளத்தின் அடியில் அத்தகைய கையெழுத்துப் படிகள் துணியில் சுற்றிப் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கக் கண்டனர். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் மண்ணுக்கும் மன்னர்க்கும் தப்பியவை அவை. ஆனால் மதிப்பறியாதார் கையில் அவற்றுட் பல அன்றே தீக்கிரையாயின. எஞ்சியவை இன்று அறிஞர்களின் ஆய்வுக்குரிய செல்வங்களாக நூலகங்களில் உள்ளன.

அங்கே எழுத்தை அழிக்க அரசாணை வேண்டியிருந்தது. இங்கே நம்மைத் தடுத்தார் எவருமிலர். பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ் மாலைகளும் மஸ்அலாக்களும் நம் பரண்களில் செல்லரித்துப் போக, அவற்றைப் பழைய தாளோடு எடைக்குப் போடுவோரும் நாமே. அயல்நாட்டுப் பயணத்துக்காக ஸ்பானியச் சொற்களைப் படிக்கும் நம் பிள்ளைகள் மகிழ்ந்து படிக்கட்டும். அவ்வெழுத்தை வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரேனும் வீட்டில் இருக்கும்போதே, அவரருகே அமர்ந்து அரபுத்தமிழையும் எழுத்துக் கூட்டிக் கற்கட்டும். பெட்டியில் கிடக்கும் பழம்படியை ஆலிம் ஒருவரிடமோ நூலகத்திலோ காட்டிப் படமெடுத்து வைப்பதற்கு ஒரு நாட்பொழுது போதும். அதற்கும் நமக்கு நேரமில்லை என்போமா?